முன்பக்க அறை

வாட்ஸ்அப் குழுவில் சுகந்தி போட்டிருந்த பட்டியலை அவள் மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

ஆறு பெயர்கள். அவள் பெயர் இல்லை.

அந்தமானில் ஐந்து நாள். பாய்மரப் படகு முழுக்க அவர்களுக்கே. மூன்று அறை, அறைக்கு இரண்டு பேர்.

எட்டு மாதமாக அவள் போட்ட திட்டம். எந்தத் தீவில் நங்கூரம், என்றைக்கு மீன்குழம்பு, யாருக்கு இறால் ஆகாது, எல்லாம் அவள்தான் பார்த்தாள். ஐம்பத்தாறு வயதில், மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் பொடிசுகளோடு இறங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து நீந்தக் கற்றதும் இதற்குத்தான். மற்ற ஐந்து பேரில் ஒருத்திகூட அதற்கு மெனக்கெடவில்லை.

அவள் இடத்தில் ராஜேஸ்வரி என்றிருந்தது.

சுகந்தியின் சம்பந்தியம்மா.

சுகந்தி முப்பது வருடத் தோழி. கடலில் நாம் இரண்டு பேரும் ஒரே அறை என்று முதலில் சொன்னதே அவள்தான்.

போன் அடித்தது. சுகந்திதான்.

"அவங்களா ஆசைப்பட்டுக் கேட்டுட்டாங்கடி. பொண்ணு வாழுற வீடு, எப்படி மாட்டேன்னு சொல்றது? நீன்னா புரிஞ்சுக்குவ."

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. யாரைக் கழற்றிவிடலாம் என்று யோசித்தபோது இவள் முகம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. மற்ற நாலு பேரும் கம்மென்று இருந்திருக்கிறார்கள்.



"சரி" என்றாள்.

சுகந்தி அதோடு வைத்திருக்கலாம்.

"ரூம் பிரிக்கிற ஃபார்மை மட்டும் நீயே அனுப்பிடுடி. கேப்டன் உன்கிட்டதான பேசுறாரு. எங்களுக்கு என்ன தெரியும்?"

அந்தப் படிவம் எதிரே மேஜையில்தான் கிடந்தது.

தூத்துக்குடிக்காரரான கேப்டன் பொறுமையாகச் சொல்லியிருந்தார். நடு அறை அவ்வளவாக ஆடாது. முன்பக்க அறையை அலை தூக்கித் தூக்கிப் போடும், வாந்தி எடுக்கிறவர்களை அங்கே போட்டுவிடாதீர்கள்.

சுகந்திக்குக் கொடைக்கானல் பஸ்ஸில் முதல் வளைவிலேயே பை வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து முதுகு தடவிவிடுவது எப்போதும் இவள்தான்.

"எங்களுக்கு நடு ரூம்தான?"

"நீயும் சம்பந்தியம்மாவும் நடு ரூம்தான். நிம்மதியாப் போயிட்டு வா."

சொல்லிக்கொண்டே, முன்பக்க அறைக்கு நேராக இரண்டு பெயர்களையும் எழுதினாள்.

நிறுத்தி, நிதானமாக, கேப்டனுக்கு விளங்கும்படி.