டோமிதிலா வாசல் நெருஞ்சி

“போன கோடையிலேயே எச்சரிச்சாச்சு. மறுபடியும் வாசல் முழுக்க நெருஞ்சி. இடத்தைக் காலி பண்ணட்டும்.”

என்றார் எலிஹியோ, பாலைவன ஊரான டெமிங்கில் டிரெய்லர் வீடுகள் நிறைந்த குடியிருப்பின் தலைவர். வேளாண் அலுவலகத்து ஜனெல்லைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அவள் ‘நெருஞ்சிதான்’ என்றால் போதும், விதிப்படி டோமிதிலா வெளியேற வேண்டும். தனிக்கட்டை. வேறு போக்கிடம் இல்லை.

ஜூலை மழைக்குத் தரையோடு படர்ந்து, மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது செடி. துடைப்பத்தைப் பிடித்தபடி படியில் நின்றாள் டோமிதிலா.

தன் நாய் இதே வாசலில்தான் முள் ஏறி நொண்டியது என்றார் எலிஹியோ. “அது மட்டுமா? தினம் சாயங்காலம் நான் நாயோட சுத்தி வந்ததும், இவ துடைப்பத்தோட இறங்கி முள்ளைத் தெருவுல தள்ளுறா.”

“நெருஞ்சி ராணி,” என்றார் கூடி நின்ற அக்கம்பக்கத்தாரில் யாரோ. சிரித்தார்கள்.

ஜனெல் மண்டியிட்டாள். ஐந்து இதழ். ஜோடி ஜோடியாகச் சிற்றிலை. எலிஹியோ தலையாட்டிக்கொண்டார்.

ஒரு காயைப் பறித்து, வெறும் கட்டைவிரலால் அழுத்தினாள். பார்த்தவர்களுக்குத்தான் வலித்தது.

ரத்தம் வரவில்லை. காய் பத்துத் துண்டாக உதிர்ந்தது.

“நெருஞ்சின்னா அஞ்சாத்தான் உடையும். ஒவ்வொண்ணுலயும் கொம்பு மாதிரி முள் நிக்கும். இதுல முள்ளே இல்லை. அது கடல் தாண்டி வந்த களை. இது இந்த மண்ணுல பிறந்த செடி, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி.”

“அப்ப என் நாயைக் குத்தினது எது?”

அடுத்தவர் வாசலை மிதிக்குமுன், அடியில் முள் ஒட்டியிருக்கிறதா என்று பூட்ஸைத் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். முள் வாசலுக்கு என்ன மரியாதை என்று, தன் கொல்லை வழியாக நேரே வந்து நுழைந்தவர் தலைவர் ஒருவர்தான்.

“காலைத் தூக்குங்க, எலிஹியோ ஐயா,” என்றாள் ஜனெல்.

தூக்கினார்.

அடிப்பாகம் முழுக்கக் கொம்பு கொம்பாக முள். சில காய்களில் பச்சைகூட மாறவில்லை; அவர் கொல்லையில் இப்போதுதான் ஒட்டியவை.

 எலிஹியோ ஒற்றைக்காலில் அப்படியே நின்றார்.

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லலை?” என்றாள் ஜனெல், டோமிதிலாவிடம்.

“தலைவர்கிட்ட போய் எப்படிச் சொல்றது? அவர் நடந்த இடத்தைப் பெருக்கிடுவேன். ஒருநாள் காய்ச்சல்ல படுத்துட்டேன், அன்னிக்குத்தான் குத்திடுச்சு.” டோமிதிலா துடைப்பத்தோடு படியிறங்கினாள். “பாவம், அவர் பின்னாடியே அந்த நாய் வெறுங்காலோட வருதே.”