வறண்ட பாலத்தின் முதல் கேசட்

செங்கா பாட்டைக் கேட்கவில்லை. தன் இடது கையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய தீயணைப்பு நிலையக் கொட்டகையில் சாயங்கால நிகழ்ச்சிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மூலையில் பெரிய பானையில் பீன்ஸ் குழம்பு கொதித்தது. மேடையோரத்து ஒலிபெருக்கியில் ‘வறண்ட பாலம்’ குழுவின் முதல் கேசட் ஓடியது. செர்பியாவில் அவர்கள் ஊரான ஸ்ரென்யானினில் தண்ணீரே இல்லாத இடத்தில் ஒரு பாலம் நின்றதால் வந்த பெயர் அது.

ஹார்ட்கோர் பங்க் என்ற அதிரடி ராக் பாட்டுக்கு வேகம்தான் உயிர். டிரம்ஸ் கொஞ்சம் இழுத்தாலும் பாட்டு மொத்தமும் படுத்துவிடும். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பது செங்கா.

போன குளிர்காலத்தில், வேலை பார்க்கும் ரொட்டிக்கடை வாசலில், ரொட்டிக் கூடையோடு பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். தையல் ஆறியது, பழைய வேகம் திரும்பவில்லை.

அதனால் பதிவுக்கு முன்பே சொல்லிவிட்டாள். கேசட்டில் என் கை இழுப்பது தெரிந்தால் நானே விலகிக்கொள்கிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று. பாடகன் கவ்ரா, முதலில் பதிவு ஆகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றான்.

பதிவான கேசட்டையும் அவள் முன்கூட்டிக் கேட்க மறுத்துவிட்டாள். தனியாகக் கேட்டால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஊரோடு சேர்ந்து கேட்டால் அந்தத் தொல்லை இல்லை.

முதல் பாட்டு ஓடியது. கை இழுக்கவில்லை.

இரண்டாவதும் இழுக்கவில்லை. பறந்தது. முன்னால் நின்ற பையன்கள் தலையை ஆட்டி ஆட்டி, யாரப்பா டிரம்ஸ் என்று விசாரித்தார்கள்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அறுவை செய்த டாக்டருக்கு நன்றி சொன்னாள். விரலை மடக்கி நீட்டப் பழக்கிய அந்தச் சிடுமூஞ்சி நர்ஸுக்குச் சொன்னாள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத கடவுளுக்கும் ஒரு நன்றி போய்ச் சேர்ந்தது.

நான்காவது பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், டிரம்ஸ் பக்கத்திலிருந்து ஒரு குரல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியது.

யார் இந்தச் சின்னப் பெண் என்று நினைத்தாள். பாட்டுத் தொடங்குமுன் எண்ணிக் கொடுப்பது டிரம்ஸ் வாசிக்கும் செங்காவின் வேலை. அந்தக் குரல் அவளுடையதுதான்.

கேசட் ஓடிய பெட்டியைப் பார்த்தாள். சற்று முன்பு அதே பெட்டியில்தான் இன்னொரு குழுவின் கேசட் ஓடியது. அவர்கள் குரலெல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெட்டியில் கோளாறில்லை.

கேசட் விற்கும் மேசைக்குப் பின்னாலிருந்து ஓகி சத்தம் போட்டான்.

“என்னடா கவ்ரா, பாடச் சொன்னா வாத்துக்குஞ்சைக் கூட்டிட்டு வந்து கத்த விட்டிருக்க?”

கொட்டகையே சிரித்தது. சிரிக்கத்தான் செய்வார்கள். கவ்ராவின் குரல் ஊரறிந்தது. அடிவயிற்றிலிருந்து அவன் எடுத்தால் நம் நெஞ்சுக்கூடு அதிரும். அந்தக் குரல் ஒரு கேசட்டில் ஏற வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தான். சேர்ந்த குழுவெல்லாம் பதிவு வரைக்கும் வராமலே கலைந்துபோயின. இப்போதுதான் ஏறியிருக்கிறது, வாத்துக்குஞ்சாக.

“ரெண்டு நாளும் செம சளிடா, என்ன பண்றது” என்று கவ்ராவும் சேர்ந்து சிரித்தான்.

செங்கா சிரிக்கவில்லை. பதிவு நடந்த இரண்டு நாளும் அவள் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

கவ்ராவின் பதிவுப் பெட்டியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு. லேசாகத் திருப்பினால் போதும், டிரம்ஸ் ஓட்டமெடுக்கும். கூடவே குரல்களும் மெலிந்து கீச்சிடும். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு கணம் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டானே என்றிருந்தது. கோபம் நிற்கவில்லை. அவள் கைக்காக அவன் தன் தொண்டையைக் கொடுத்திருக்கிறான், கொடுத்ததை யாரிடமும் சொல்லவுமில்லை. டாக்டருக்கும் நர்ஸுக்கும் சொன்னதைவிடப் பெரிய நன்றி ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓகி விடாக்கண்டன். சளி பிடித்தால் குரல் கரகரக்கும், இப்படியா கீச்சிடும் என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டான். கவ்ரா மேசைமேலிருந்த கேசட்டுகளை நேராக அடுக்கத் தொடங்கினான்.

செங்கா எழுந்து மேசைக்குப் போனாள்.

“நான்தானே பக்கத்துல இருந்தேன். பாவம், மூக்கைச் சிந்திச் சிந்தித்தான் பாடினான். எலுமிச்சை டீ போட்டுக் கொடுத்ததே நான்தான்.”

ஓகி அடுத்த ஆளுக்குக் கேசட் எடுத்துக் கொடுக்கத் திரும்பிக்கொண்டான்.

கவ்ரா அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். எலுமிச்சை டீ எதுவும் இருந்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வருவாயா என்று மெதுவாகக் கேட்டான்.

“வராம எங்க போவேன்?” என்றாள்.