வாய் ஓயாதவள்

"முன்னாடி ஸ்கூல் போர்டு. மெதுவா போங்க."

டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த கணவன், பக்கத்து சீட்டில் இருந்த மனைவியின் சொல்லைத் தட்டாமல் வேகத்தைக் குறைத்தான்.

"அடுத்து வேகத்தடை. ஐயோ, சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க, நில்லுங்க!"

பின்சீட்டுப் பயணி எரிந்து விழுந்தார். "ஏம்மா, வண்டிய அவர் ஓட்டுறாரா, நீங்க ஓட்டுறீங்களா? ஏறினதுலேருந்து வாய் ஓயலையே!"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் சார். அதான் எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுறேன்."

"அதுக்கு என் தலைதான் கெடச்சுதா?"

அப்படியும் அவள் நிறுத்தவில்லை. ஒருவழிப் பாதை, நடப்பவர்களுக்கான வெள்ளைக் கோடு, பச்சை விளக்கு என்று ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அவருக்கே கோபம் போய்விட்டது.

இறங்கியதும் பயணி அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "அந்த டெஸ்ட் எடுக்குற அதிகாரியே நான்தாம்மா. ஒண்ணுகூடத் தப்பா சொல்லல. உங்களுக்குக் கண்ண மூடிக்கிட்டு பாஸ் போடலாம். வரேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதிகாரி நாலடி நடந்தார். என்ன நினைத்தாரோ, இவ்வளவு நன்றாகப் பழக்கிய கணவனுக்கும் கை கொடுக்கலாமென்று வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, திறந்திருந்த ஜன்னல் வழியே சிரித்தபடி கையை நீட்டினார்.

அவள் பதறி வாயைத் திறப்பதற்குள், அந்தச் சிரித்த முகத்தையே பார்த்தபடி கணவன் கேட்டான்:

"ஆள் போயாச்சாம்மா?"