கருடன் வராத தலைவர்

"கருடனா, பருந்தா? சீக்கிரம் சொல்லு பிரிட்டோ, நேரம் போவுது!"

கையிலிருந்த பச்சைக்கொடியை இறுகப் பிடித்தபடி கேட்டார் ராஜவேல். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தச் சின்ன மாரியம்மன் கோயிலுக்கு அன்று கும்பாபிஷேகம். கமிட்டித் தலைவர் அவர்தான். கோபுர உச்சியில், சாரத்தின் மேல், குருக்கள் கலச நீரோடு நின்றார். வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும். ராஜவேல் கொடியை ஆட்ட வேண்டும். குருக்கள் நீரை ஊற்ற வேண்டும். நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது.

பிரிட்டோ பைனாகுலரை உயர்த்தினான். பக்கத்து மீனவர் தெருக்காரன், ஆரோவில்லில் பறவைக் கணக்கெடுக்கும் குழுவில் வேலை. எதையோ பார்த்துக் கருடன் என்று நினைத்துக் கொடியை ஆட்டிவிட்டால் ஊர் சிரிக்குமே என்று ராஜவேல்தான் அவனை அழைத்திருந்தார்.

"பருந்துங்க. வாலு மீன் வாலு மாதிரி பிளந்திருக்குது பாருங்க. கள்ளப்பருந்து."

கூட்டம் 'ச்சே' என்றது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கும்பாபிஷேகத்தில் கருடன் வரவே இல்லை. காத்திருந்து, பார்த்து, கடைசியில் நீரை ஊற்றினார்கள். அந்தக் கோடையில் மழை கொட்டி உப்பெல்லாம் கரைந்தபோது, பழி முழுக்க அன்றைய தலைவர் மாயவன் தலையில் விழுந்தது. 'கருடன் வராத தலைவர்' என்றே அவருக்குப் பேராகிவிட்டது. அந்தப் பேரை வைத்ததே ராஜவேல்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தமுறை தலைவராகவும் ஆனார். இன்று கருடன் வராவிட்டால் அதே பேர் அவர் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நினைத்து முடிப்பதற்குள் மாயவனே வந்து நின்றார். காலையிலிருந்து ஆளைக் காணவில்லை. வேட்டி ஓரமெல்லாம் உப்பளச் சேறு. கைகளைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"வந்துதா?" என்றார்.

"வரும் வரும்." ராஜவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்துவிட்டார் மனுஷன் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"தோ, இன்னொண்ணு!" யாரோ கத்தினார்கள்.

கோயிலுக்குப் பின்புறமிருந்து பழுப்பாக ஒன்று எழும்பி வட்டமிட்டது. அதன் பின்னாலேயே மற்றொன்று. பிரிட்டோ பைனாகுலரை அங்கும் இங்கும் திருப்பினான்.

"முன்னாடி போறது பருந்து. பின்னாடி வர்றது... இருங்க, வாலு வட்டமா இருக்குது. கருடன்தான் தலைவரே!"

ராஜவேல் கொடியைத் தூக்கினார்.

"கழுத்து வெள்ளையா இல்லியேப்பா?" என்றார் மாயவன். "மொத்தமும் மண்ணு கலர்ல இருக்குதே?"

"இளசுங்க. பெருசானாத்தான் தலையும் மாரும் வெளுக்கும், றெக்கை செங்கல் கலர் வரும்."

"நல்லாப் பாருப்பா. ஜனங்க ஒத்துக்கணும்ல?"

அதுவரை கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டமும் முணுமுணுக்க ஆரம்பித்தது. "இது எப்படிக் கருடனாவும்?" "வெள்ளை கழுத்து எங்க?" ராஜவேல் கொடியை இறக்கினார்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருக்க மாட்டீங்களா?"

மாயவன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நாலைந்து பறவைகள் சேர்ந்துவிட்டன. எது மேலே, எது கீழே, எது எந்த வால் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பிரிட்டோவே பைனாகுலரை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எனக்கே ஒண்ணும் புரியலைங்க. வெயில் ஏறி காத்து சூடானாத்தான் இதுங்க இப்படி வட்டம் போடும். காலங்காத்தால எப்படி இத்தினி வருது?"

"ஊத்தலாமா?" மேலிருந்து குருக்கள் குரல் கொடுத்தார்.

ராஜவேலுக்கு ஒன்றும் ஓடவில்லை. இளசோ கிழடோ, பிரிட்டோ கருடன் என்றானே? வந்தது வரட்டும் என்று மறுபடி கொடியைத் தூக்கினார். மாயவன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் ராஜவேலு, ஆட்டிடாத! இன்னும் கொஞ்சம் பொறு!"

நல்ல நேரம் போகட்டும் என்றுதானே இப்படித் தடுக்கிறார்? ராஜவேல் கையை உதறினார். வழுக்கிக்கொண்டு பிடி விட்டது.

அப்போதுதான் அது வந்தது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிறச் சிறகு. கோபுரத்துக்கு நேர் மேலே வந்து, சிறகை அசைக்காமல் நிதானமாக ஒரு வட்டம் போட்டது. பிரிட்டோ பைனாகுலரை எடுக்கவே இல்லை. யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

"ஓம் சக்தி! பராசக்தி!"

கொடி ஆடியது. கலசத்தில் நீர் விழுந்தது. ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் யாரோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "தலைவர் ராசி!" என்றார்கள். இந்த ஊரில் இனி நிமிர்ந்து நடக்கலாம்.

கூட்டம் அன்னதானப் பந்தலுக்கு நகர்ந்ததும், மாயவனிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று திரும்பினார். அவர் அங்கேயேதான் நின்றிருந்தார். அதற்குள் கோயிலின் பின்பக்கம் போயிருந்த பிரிட்டோ, காலிக் கூடை ஒன்றோடு ஓடி வந்தான்.

"தலைவரே, பின்னாடி உப்பு வரப்பு மேல மத்தி மீனு கொட்டிக் கிடக்குது! அதுக்குத்தான் எல்லாம் வந்திருக்குது. யாரு செஞ்ச வேலைன்னு தெரியலியே?"

ராஜவேலுக்கும் தெரியவில்லை. குழப்பத்தோடு கொடியைச் சுருட்டக் குனிந்தவர், தன் மணிக்கட்டில் மீன் செதில்கள் வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருப்பதைப் பார்த்தார்.

மாயவன் கைகளை மறுபடியும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பேரோட பன்னெண்டு வருஷம் இருந்துட்டேன் ராஜவேலு. ஊருக்கு ஒரு ஆளு போதும்."