குண்டனுக்கு இன்று ஸ்கேன்

"உட்காரேம்மா! குட்டி போட்ட பூனை மாதிரி எவ்வளவு நேரம்தான் நடப்ப?" கணவன் காபியை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "குண்டனை ஸ்கேனுக்குக் கொண்டுபோய் எவ்வளவு நேரமாச்சு! டாக்டர் இன்னும் கூப்பிடலை."

"நீ கண்டுபிடிச்ச கோட்டிங் போட்ட ஸ்டென்ட்தானே அவன் இதயத்துல இருக்கு? ரத்தக்குழாய் ஆறாம எங்கே போகும்?"

"ஆறியிருக்கும்னுதான் தோணுது."

"அப்புறம் எதுக்குப் பதறுற?"

"பாவம், நேத்திலிருந்து பட்டினி. நான் கிளம்பினப்போ கதவு வரைக்கும் பின்னாடியே வந்தான்."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாழ்த்துகள் மேடம்! ஸ்டென்ட் மேல புதுச் சவ்வு பட்டு மாதிரி மூடியிருக்கு. உங்க கோட்டிங் ஜெயிச்சிடுச்சு!"

"நான் சொல்லலை?" கணவன் கைதட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. "டாக்டர், இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடலாமா?"

"ஆறலைன்னா தள்ளிப் போட்டிருக்கலாம். ஆறிட்டா அன்னைக்கே இதயத்தை எடுத்து, குழாயை வெட்டிப் பார்க்கணும்னு திட்டம் எழுதினதே நீங்கதானே? அதைப் பார்த்தாத்தானே மனுஷங்களுக்கு வைக்க அனுமதி தருவாங்க? மயக்கத்துலேயே முடிச்சிடறோம். அவனுக்கு வலியே தெரியாது."

டாக்டரின் குரல் தணிந்தது.

"அன்னைக்கே சொன்னேனே மேடம். மத்த பன்றிங்களை மாதிரி இவனையும் நம்பர் சொல்லியே கூப்பிடுங்க, பேர் வைக்காதீங்கன்னு."