முந்தானை

கூத்தில் துகிலுரியும் கட்டம். அரசியின் புடவையை இழுக்கும் வேஷம் கட்டிய ஏகாம்பரம், வழக்கப்படி சூடம் ஏற்றி, அரசி வேஷத்தின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். முப்பது வருஷமாக அவர் இழுத்ததெல்லாம் ஆண்கள் கட்டிய புடவை. இன்று கட்டிக்கொண்டு நிற்பவள் பவுனம்மாள். முந்தானையைப் பிடித்தவர் இழுக்காமல் நின்றார். மத்தளம் அடித்ததையே அடித்துக்கொண்டிருந்தது.

"நெசப் பொம்பளம்மா நீ. என்னால முடியல," என்றார் வாய்க்குள்.

அவள் முந்தானையை அவர் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "இழுண்ணே. நீ இழுத்தாத்தான் நான் கேக்க வந்ததக் கேக்க முடியும்."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

திறந்தபோது, பவுனம்மாள் மேடை ராஜாக்களுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நின்றாள். பொம்பளை கூத்தாடக் கூடாது என்றவர்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாயைத் திறக்குமுன்பே ஒரு கால் கீழே இறங்கியது.