இருக்கை மாற்றம்

யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதை அந்த அலுவலகத்தில் மென்பொருள்தான் முடிவுசெய்யும். கணக்குப் பிரிவுப் பெண்ணின் விண்ணப்பத்தை அது மூன்று முறை நிராகரித்துவிட்டது. நான்காம் முறை அவள் நேரே கட்டட மேலாளரின் அறைக்கே வந்துவிட்டாள்.

"ஜன்னலோர இடம்மா அது. ஆளாளுக்குப் போட்டி போடுறாங்க. உனக்கு அதுல என்ன குறை?"

"இடத்துல ஒரு குறையும் இல்ல சார். பக்கத்து சீட்டுல இருக்காரே, அவர்கிட்டேர்ந்து தள்ளிப் போடுங்க. வேற மாடின்னாலும் சரி."

மேலாளருக்குச் சுருக்கென்றது. பக்கத்து இருக்கைக்காரன் அதிர்ந்துகூடப் பேசத் தெரியாதவன். அவனா இப்படி? குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா ஏதாவது நடந்துக்கிட்டானா? பயப்படாம சொல்லும்மா. இப்பவே மேலிடத்துக்கு எழுதுறேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார். தங்கமான மனுஷன். அவர்கூடப் பேசிட்டிருந்தா பொழுது போறதே தெரியாது."

"அப்புறம் என்னதான்மா பிரச்சினை?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். மணமகன் பெயரைப் படித்த மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"அடுத்த மாசம் சார். நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தா, சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க என்ன மிச்சம் இருக்கும்?"

மேலாளர் சிரித்துக்கொண்டே அவளை ஐந்தாம் மாடிக்கு மாற்றினார். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று மென்பொருள் கேட்டது.

'குடும்ப நலன்' என்று தட்டினார்.